பள்ளியிறுதிக்குப் பின் எந்த வழி?



ஆண்டுதோறும் மே மாதம் பிறந்தால், பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகிறது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக நகரிலும் அதே கேள்விதான். கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் இரயிலேறி வரும் தொழிலாளியின் வீட்டிலும் அதே கேள்விதான். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்துவிட்டது, பிள்ளை தேறிவிட்டான், இனி என்ன செய்வது? தகப்பனார் மைத்துனரைக் கேட்கிறார். மைத்துனர் தம் அலுவலக நண்பரைக் கேட்கிறார். நண்பரோ தம் மகனை எதில் சேர்த்தாரோ அதையே சிறந்ததென்று சொல்கிறார். விண்ணப்பத்திற்கு இன்னும் மூன்று நாளே உள்ளது என்ற பரபரப்பில், ஒரு மனிதனின் நாற்பது ஆண்டு உழைப்புக்குரிய முடிவு அவசரமாகச் செய்யப்பட்டு விடுகிறது. ஒரு புடவை எடுக்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், பிள்ளையின் எதிர்காலத்தை ஒரே மாலைப் பொழுதில் தீர்த்து விடுகிறோம்.

இந்தக் கேள்வியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே கேட்கத் தொடங்க வேண்டும் என்பதே இன்று நான் தங்களிடம் சொல்ல விரும்புவது. மதிப்பெண் குறைந்தால் சில வழிகள் அடைபடுகின்றன. அதை எல்லோரும் அறிவோம். ஆனால் விதி தெரியாமையாலும், வேண்டிய சான்றிதழ் இல்லாமையாலும், இந்நாட்டு மொழியை எழுதப் படிக்க அறியாமையாலும் அடைபடும் வழிகள் அவற்றினும் பல. வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த மூன்றும் பெருந்தடைகள். மூன்றையும் முன்கூட்டியே நீக்கிக் கொள்ள நம்மால் முடியும்.

நம் முன்னோர் இங்கு வந்த காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கடுமையாக எழவில்லை. 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மெண்ட் அமைத்தபோது, படையோடு படையாகத் தமிழர் பலர் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வணிகரும் கொத்தரும் தச்சரும் வந்தனர். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் தங்கச் சுரங்கங்களைப் பெரிய அளவில் தோண்டத் தொடங்கியபோது, வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் உழைப்பாளிகள் குடும்பம் குடும்பமாக அங்கே குடியேறினர். பின்னர் 1940-ல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, 1948-ல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை, 1953-ல் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று பெரிய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெங்களூரில் எழுந்தன. அப்பனுக்கு வேலை இருந்தது. அதே வாயிலில் மகனுக்கும் ஒரு நாள் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அந்த நம்பிக்கை என்னவாயிற்று என்பதைத் தங்கவயல் நமக்குக் காட்டியது. நூற்றிருபது ஆண்டு இயங்கிய சுரங்கங்கள் அவை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூவாயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்குச் சென்றது. பாட்டன் இறங்கிய குழியில் தந்தையும், தந்தை இறங்கிய குழியில் மகனும் இறங்கினர். தங்கத்தின் அளவு குறைந்தது; தோண்டியெடுக்கும் செலவு ஏறியது; 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று வேலையிழந்த தொழிலாளிகளின் பிள்ளைகள் எத்தனையோ பேர் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தனர். கைத்தொழிலோ மேற்படிப்போ ஏதேனும் ஒன்றைப் பற்றிக்கொண்டவர்கள் வேறிடத்தில் கால் ஊன்றினர். ஏனையோர் மாரிகுப்பத்தில் இரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வந்து, கிடைத்த கூலி வேலையைச் செய்தனர். கைக்கடிகாரங்களுக்குப் பெயர்பெற்ற எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தையும் மூடிவிட 2016-ல் மத்திய அரசு முடிவு செய்தது. தந்தையின் தொழில் உயர்ந்ததே. ஆனால் அதை நிலபுலத்தைப் போல மகனுக்கு எழுதி வைக்க இயலாது. அவனுக்கு நாம் எழுதி வைக்கக் கூடியது தேர்ச்சி ஒன்றே.

தேர்ந்து முடிவு செய்வதற்கு ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908-ல் இளைஞர்களுக்குத் தொழில் வழி காட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் வகுத்த முறை எளியது. முதலில் தன்னை அறிதல். இரண்டாவது தொழில்களை அறிதல். மூன்றாவது, இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு செய்தல். நமக்கு இது புதிய கருத்தன்று. வள்ளுவர் பொருட்பாலில் 'தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமும், 'தெரிந்து வினையாடல்' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னது செயலை ஆராய்வது; பின்னது ஆளை ஆராய்வது.

சுதந்திரத்திற்குப் பின் இந்திய அரசு 1952-ல் அமைத்த உயர்நிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அந்நாளில் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார். 1953-ல் அக்குழு தந்த அறிக்கை, பலவகைத் தொழிற்கல்வியும் ஒருங்கே அமைந்த பள்ளிகள் வேண்டும் என்றது; மாணவர்க்கு வழி காட்டப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அத்தகைய ஆசிரியர் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. ஆகவே அந்தக் கடமையில் ஒரு பங்கைப் பெற்றோராகிய நாமே ஏற்க வேண்டியிருக்கிறது.

முதற்படி, பிள்ளையை அறிதல். மதிப்பெண் பட்டியல் ஓரளவே சொல்லும். ஒருவரும் ஏவாமல் அவன் எதைச் செய்கிறான் என்று பாருங்கள். பழுதான மின்விசிறியைப் பிரித்துப் பார்க்கிறானா? கடைக் கணக்கை மனத்திலேயே கூட்டிச் சொல்கிறானா? நோயுற்ற பாட்டிக்கு முகம் சுளிக்காமல் பணிவிடை செய்கிறானா? தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்கிறானா? இவை சிறு குறிப்புகளே. எனினும் இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தால் ஒரு போக்குப் புலப்படும். பிறகு அவனையே கேளுங்கள். அவன் சொல்லும் முதல் விடை பெரும்பாலும் நண்பன் சொன்ன விடையாக இருக்கும். "ஏன்?" என்று அமைதியாக மறுமுறை கேட்டால் அவனுடைய சொந்த விடை வரும். நமக்குக் கிட்டாமற் போன படிப்பை அவன் தலையில் ஏற்றுவது அன்பாகத் தோன்றலாம். அதன் சுமையை அவனே அல்லவா சுமக்க வேண்டும்!

இரண்டாம் படி, வழிகளை அறிதல். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பின் கர்நாடகத்தில் மூன்று பெருவழிகள் உள்ளன.

முதலாவது இரண்டாண்டுப் பி.யூ.சி. படிப்பு. இதில் இரண்டு மொழிகளும் நான்கு விருப்பப் பாடங்களும் உண்டு. இந்த நான்கைத் தேர்ந்தெடுக்கும்போதே பின்னால் திறக்கும் கதவுகளும் மூடும் கதவுகளும் முடிவாகி விடுகின்றன. கணிதத்தை விட்டவனுக்குப் பொறியியல் இல்லை. உயிரியல் படிக்காதவனுக்கு மருத்துவம் இல்லை. இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஆகிய நான்கையும் எடுத்தவனுக்கு இரண்டும் திறந்திருக்கும். ஆனால் சுமை மிகுதி. அறிவியல் மட்டுமே படிப்பு என்றெண்ணி, கணக்கியலில் ஆர்வமுள்ள பெண்ணையும் வரலாற்றில் நாட்டமுள்ள பையனையும் அதில் தள்ளுவது முறையன்று. வணிகவியல் படித்தவர் சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் ஆகலாம். எந்தப் பிரிவில் பி.யூ.சி. தேறியவரும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். நாட்டின் புகழ்பெற்ற தேசிய சட்டப் பள்ளி இதே பெங்களூரில் இருக்கிறது.

இரண்டாவது பாலிடெக்னிக். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவுடன் மூன்றாண்டில் டிப்ளமா பெறலாம். பெங்களூரிலேயே அரசு பாலிடெக்னிக்குகள் உள்ளன. இதைப் பலர் மாற்றுக் குறைந்த படிப்பென்று எண்ணுகின்றனர். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 கலம் நிலவின் தென்பகுதியில் இறங்கியதை நாமெல்லோரும் கண்டு மகிழ்ந்தோம். அத்திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த திரு. ப. வீரமுத்துவேல், இரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். பள்ளிப் படிப்புக்குப் பின் அவர் முதலில் சேர்ந்தது இயந்திரவியல் டிப்ளமாவில்தான். அதன்பின் பொறியியல் பட்டம், திருச்சியில் மேற்பட்டம், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சிப் பட்டம் என்று ஏறிச் சென்றார். டிப்ளமா முடித்தவர் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம்; கர்நாடகத்தில் அதற்கென்றே தனி நுழைவுத் தேர்வும் நடைபெறுகிறது.

மூன்றாவது தொழிற் பயிற்சி நிலையம். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் முதலிய பயிற்சிகள் இரண்டு ஆண்டு. வெல்டர் பயிற்சி ஓராண்டு. இங்கே இரண்டாண்டு பயின்றவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் விதி இடந்தருகிறது. மேலும், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி, பெரிய தொழிற்சாலைகள் இளைஞரை உதவித் தொகை கொடுத்துப் பழக்க வேண்டும். விமானத் தொழிற்சாலையும் பாரத் எலெக்ட்ரானிக்சும் இவ்வாறு பழகுநரைச் சேர்த்துக்கொண்டு வருகின்றன. கருவி செய்யும் நுண்தொழிலில் விருப்பமுள்ளவர்க்கு, டென்மார்க் நாட்டு உதவியுடன் 1972-ல் ராஜாஜி நகரில் தொடங்கப்பெற்ற அரசு டூல் ரூம் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவரை டிப்ளமாவில் சேர்த்துக் கொள்கின்றனர். இத்தகைய தேர்ச்சி பெற்றவர்களைத் தொழிற்சாலைகள் விரும்பி ஏற்கின்றன.

ஆகவே எந்த வழியில் சென்றாலும் அதனுள்ளே அடுத்த வழி ஒன்று இருக்கிறது. ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், "இதை முடித்தபின் எங்கே போகலாம்? நடுவில் நிறுத்த நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சும்?" என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

இனி, வெளி மாநிலத் தமிழர்க்கே உரிய சில செய்திகளைக் கூறுகிறேன். இவற்றைச் சற்றே கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

கர்நாடகத்தில் பொறியியல் முதலிய படிப்புகளின் அரசு இடங்கள் பொது நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. பொறியியலுக்குப் பி.யூ.சி. மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சரிபாதியாகச் சேர்த்துக் கணக்கிடப்படும். அந்த இடங்களுக்குரிய பொதுவான தகுதி விதி யாதெனில், முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பி.யூ.சி. வரையுள்ள காலத்தில் குறைந்தது ஏழு ஆண்டுகள் கர்நாடகப் பள்ளிகளில் படித்திருக்க வேண்டும்; எஸ்.எஸ்.எல்.சி.யோ பி.யூ.சி.யோ இங்கே தேறியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இங்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஏழாண்டுக் கணக்கு நிறைகிறது. எட்டாம் வகுப்பில் வந்தவனுக்கு ஐந்தாண்டே ஆகிறது. படைவீரர், மத்திய அரசு ஊழியர் முதலியோரின் பிள்ளைகளுக்குத் தனி விதிகள் உண்டு. பிள்ளையை ஊரில் பாட்டி வீட்டில் சில ஆண்டு படிக்க வைக்க எண்ணும் பெற்றோர், அனுப்பும் முன்பே இந்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டின் முறை வேறு. அங்கே 2007 முதல் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. மேல்நிலைப் பள்ளி மதிப்பெண்ணே அடிப்படை. தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்டு வெளி மாநிலத்தில் படித்தவர் அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதை ஊர்த் தாசில்தார் அலுவலகத்தில் பெற வேண்டும். முடிவு வந்தபின் ஓடினால் காலம் போதாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்க்கென அமைந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு இங்கே படித்தவர்க்குக் கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்திற்கு மாநிலம் தனித்தனியானது. 1950-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்த காலத்தில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அந்த மாநிலத்தில்தான் அச்சலுகை செல்லும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 1950-க்கு முன்பே தங்கவயலிலோ பெங்களூரிலோ குடியேறிய குடும்பத்தின் நிலை வேறு. அண்மையில் வந்த குடும்பத்தின் நிலை வேறு. பாட்டனாரின் சுரங்க வேலைச் சீட்டு, பழைய பள்ளிச் சான்று ஆகியவற்றைக் கரையான் அரிக்க விடாதீர்கள். பேரப் பிள்ளையின் இடத்தை அந்தத் தாளே தீர்மானிக்கக் கூடும். மத்திய அரசின் கல்லூரிகளிலும் பணிகளிலும், பூர்விக மாநிலத்தைக் கொண்டு வழங்கிய சான்று செல்லும்.

அடுத்தது மொழி. கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரையிலும், பி.யூ.சி.யிலும் தமிழைப் பாடமாக எடுத்துப் படிக்க இடமுண்டு. அதைக் காத்துக்கொள்வது நம் கடன். அதனோடு கன்னடத்தையும் பிழையற எழுதக் கற்க வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளிகளில் கன்னடம் முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்கப்பட வேண்டும். மாநில அரசுப் பணிக்குக் கன்னட அறிவு இன்றியமையாதது. கடைத்தெருவில் கன்னடம் பேசத் தெரிந்தால் போதும் என்று நாம் இருந்துவிடுகிறோம். விண்ணப்பத் தாள் முன்னே வந்தால் பிறர் கையை எதிர்பார்க்கிறோம். நமக்குக் கன்னடம் தொலைவிலுள்ள மொழியன்று. நம் பால் அங்கே ஹாலு; பத்து ஹத்து; புலி ஹுலி. தமிழ் நன்கறிந்த பிள்ளைக்கு அம்மொழி விரைவில் வசப்படும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். மகனுக்குப் பாலிடெக்னிக் எங்கே இருந்தாலும் அனுப்புகிறோம். மகளுக்கோ தெருக்கோடியில் எந்தக் கல்லூரி இருக்கிறதோ அதுவே படிப்பாகி விடுகிறது. 2023 ஜூன் முதல் கர்நாடக அரசின் சாதாரணப் பேருந்துகளில் இம்மாநிலப் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் வசதி வந்துள்ளது. பேருந்துச் செலவு என்ற காரணத்தை இனிச் சொல்ல இயலாது. எஞ்சிய அச்சத்தை, நான்கு பெண்களாகச் சேர்ந்து போகும் ஏற்பாட்டால் பெரிதும் குறைக்கலாம். தங்கவயலில் சுரங்கம் மூடியபோது வெளியே சென்று சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கியவருள் பெண்கள் எத்தனை பேர் என்பதை அவ்வூரார் அறிவர்.

பொருள் இல்லாமையும் ஒரு தடையே. மைய அரசின் உதவித் தொகைகளுக்குத் தேசிய இணையதளமும், மாநில அரசின் உதவித் தொகைகளுக்குத் தனி இணையதளமும் உள்ளன. வருமானச் சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நான்கு இலட்சம் ரூபாய் வரையுள்ள கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கலாகாது என்பது விதி. எனினும் கடன் கடன்தான். படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் சம்பளத்தையும், மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணையையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.

தேர்வில் தவறிய பிள்ளைக்கும் வழி உண்டு. கர்நாடகத்தில் 2024 முதல், ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொதுத் தேர்வு எழுத இடந்தந்துள்ளனர். அந்த நாளில் வீட்டில் பேசும் முதல் சொல் மிக முக்கியமானது. கடுஞ்சொல் கேட்ட பிள்ளை எங்கே போவான், என்ன செய்வான் என்று சொல்ல இயலாது. "சாப்பிட்டாயா? வா, அடுத்த தேர்வு எப்போதென்று பார்ப்போம்" என்று சொல்லும் தாய், பிள்ளையை மட்டுமன்றி அவனுடைய எதிர்காலத்தையும் காப்பாற்றுகிறாள்.

இறுதியாக, நம்மால் ஆகக்கூடிய ஒரு செயல். பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950-ல் தோன்றியது. அதைப் போன்ற அமைப்புகள் நாம் வாழும் நகரங்கள் பலவற்றிலும் உள்ளன. விழாக்களையும் கவியரங்குகளையும் சிறப்பாக நடத்துகின்றோம். அவற்றோடு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு மேசையும் சில நாற்காலிகளும் இட்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஆலைத் தொழிலாளி ஒருவர், வங்கி ஊழியர் ஒருவர், அண்மையில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அமர்ந்து, வரும் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் விடை கூறலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை. பொது நுழைவுத் தேர்வின் ஏழாண்டு விதியை ஒரு தகப்பனாருக்குத் தக்க காலத்தில் எடுத்துச் சொன்னால், ஒரு குடும்பத்தின் நிலையே மாறிவிடும்.

எட்டாம் வகுப்பில் பிள்ளையைக் கவனியுங்கள். வகுப்புக் கணக்கையும் சான்றிதழ்களையும் சரிபாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாலிடெக்னிக்கையும் ஒரு கல்லூரியையும் ஒரு தொழிற்கூடத்தையும் நேரில் காட்டுங்கள். பத்தாம் வகுப்பில், தேர்வுக்கு முன்பே, பிள்ளையும் பெற்றோரும் ஆசிரியரும் கூடி, முதல் வழி ஒன்றும் மாற்று வழி ஒன்றும் எழுதி வையுங்கள். முடிவு வரும் நாளில் அந்தத் தாளை எடுத்துப் படித்தால் போதும். அவசரமும் அழுகையும் இன்றி அடுத்த அடியை எடுத்து வைக்கலாம்.